தர்ம அடின்னா உண்மையில என்ன? ஜனங்க ஏன் போலீஸுக்குக் காத்திருக்காம கை ஓங்குறாங்க?

ஒரு தெருவுல ஒரே மாசத்துல மூணாவது பைக் காணாம போகுதுன்னு வச்சுக்கோங்க. முதல் ரெண்டு தடவையும் கம்ப்ளைண்ட் கொடுத்தாச்சு, எழுதி வாங்கிக்கிட்டு சரி பாக்குறோம்னு அனுப்பிட்டாங்க, அதுக்கப்புறம் ஒரு போன் கூட இல்ல. மூணாவது வண்டி போன அன்னைக்கு காலைல வாட்ஸ்அப் குரூப்ல ஒருத்தர் சிசிடிவில இருந்து எடுத்த மங்கலான ஒரு போட்டோ போடுறார், தொப்பி போட்ட ஒரு பையன், முகம் பாதி தான் தெரியுது. மத்தியானத்துக்குள்ள அந்த போட்டோவுக்குக் கீழ "இவனை எங்க பாத்தாலும் விடாதீங்க"ன்னு ஒரு வரி சேர்ந்துடுது, யார் சேர்த்தான்னு யாருக்கும் தெரியாது. சாயங்காலம் தொப்பி போட்ட ஒரு பையன் அந்தப் பக்கமா நடந்து வரான்.

அடுத்து நடக்குறதுக்கு நம்ம நியூஸ்ல ஒரு பேர் ரெடியா இருக்கு, தர்ம அடி. "திருடனைப் பிடித்து பொதுமக்கள் தர்ம அடி". இந்தத் தலைப்பை எத்தனை தடவை படிச்சிருப்போம், ஆனா அதுல என்ன இருக்குன்னு நின்னு பாத்திருக்க மாட்டோம். அவனோட பேர் என்னன்னு கூட இன்னும் யாரும் கேட்கல, அதுக்குள்ள தலைப்பு அவனைத் திருடன்னு எழுதிடுச்சு, அடிக்கு முன்னாடி தர்மம்னு ஒரு சொல்லையும் ஒட்டிடுச்சு. இந்தக் கட்டுரைல நான் பேசப் போறது அந்தச் சொல்லுக்குள்ள இருக்குற விஷயத்தைப் பத்தித் தான். இங்கிலீஷ்ல இதை விஜிலான்டிசம்னு சொல்லுவாங்க, ஸ்பானிஷ் மொழில விஜிலாந்தேன்னா காவல்காரன், அங்க இருந்து வந்த வார்த்தை.

முதல்ல எது இது, எது இது இல்லன்னு பிரிச்சுக்கணும், ஏன்னா நிறைய பேர் எல்லாத்தையும் ஒரே மூட்டைல கட்டிடுறாங்க. உங்களை ஒருத்தன் கத்தியோட நெருங்குறான், நீங்க தள்ளி விட்டு அடிச்சு தப்பிக்குறீங்க, அது தற்காப்பு. பக்கத்து வீட்டுல யாரும் இல்லாதப்போ நாலு பேர் முறை போட்டு ராத்திரி டார்ச் அடிச்சு ஒரு ரவுண்டு போறது, சந்தேகமா ஏதாவது தெரிஞ்சா போலீஸுக்கு போன் பண்றது, அது அக்கம்பக்கக் காவல். லெஸ் ஜான்ஸ்டன்னு ஒரு பிரிட்டிஷ் குற்றவியல் ஆய்வாளர் 1996ல இதுக்கு ஒரு வரையறை கொடுத்தார், அதை எளிமையா சொன்னா இப்படி வரும்: அரசு அதிகாரம் இல்லாத தனி ஆளுங்க, ஓரளவு திட்டம் போட்டு, தங்க இஷ்டத்துக்கு, பலத்தைக் காட்டி இல்ல காட்டுவோம்னு மிரட்டி, ஒரு ஒழுங்கு குலைஞ்சு போச்சு அதை நாங்க காப்பாத்துறோம்னு இறங்குறது. இதுல முக்கியமான புள்ளி பலம். கவனிக்குறது, எழுதி வைக்குறது, போன் பண்றது எல்லாம் யார் வேணா செய்யலாம், ஒருத்தர் மேல கை வைக்குற இடத்துல தான் கோடு இருக்கு.

அந்தக் கோடு ஏன் அங்க போடப்பட்டுச்சுன்னு கேட்டா, மாக்ஸ் வெபர்னு ஜெர்மன் சமூகவியலாளர் 1919ல ஒரு உரைல சொன்ன விஷயத்தைத் தான் எல்லாரும் எடுத்துக் காட்டுவாங்க, ஒரு நிலப்பரப்புக்குள்ள நியாயமா பலம் பயன்படுத்துற உரிமையைத் தன் கிட்ட மட்டும் வச்சுக்குறது எதுவோ அது தான் அரசுன்னு. ஆனா எப்பவும் இப்படி இருந்ததில்ல. இங்கிலாந்துல 1285ல வந்த வின்செஸ்டர் சட்டப்படி திருட்டு நடந்தா கூச்சல் போடணும், கூச்சல் கேட்ட அத்தனை பேரும் துரத்திட்டு ஓடியே ஆகணும், ஓடாம வீட்டுக்குள்ள உக்காந்திருந்தா அது தான் தப்பு. சம்பளம் வாங்குற, யூனிஃபார்ம் போட்ட லண்டன் மாநகரப் போலீஸை 1829ல தான் அப்போ உள்துறை அமைச்சரா இருந்த ராபர்ட் பீல் கொண்டு வந்தார். அதனால "ஜனங்களே பிடிக்குறது" தான் பழசு, போலீஸ் தான் புதுசு. இதைச் சொல்லக் காரணம், தர்ம அடி கொடுக்குறவங்க எல்லாம் காட்டுமிராண்டிங்கன்னு ஒரே போடா போட்டுட்டா நமக்கு எதுவும் புரியாது, அவங்க பழைய ஒரு கடமையைச் செய்றதா தான் மனசார நம்புறாங்க.

சரி, அப்படின்னா பிரச்சனை எங்க இருக்கு? எனக்கு இந்த விஷயத்துல ரொம்ப நாளா மனசுல நிக்குற ஒரு கதை இருக்கு, 1851 சான் ஃபிரான்சிஸ்கோ.

1848ல கலிஃபோர்னியாவுல தங்கம் கிடைச்ச உடனே ஆயிரம் பேர் அளவுல இருந்த அந்த ஊர் ரெண்டு வருஷத்துல 20 ஆயிரத்தைத் தாண்டிடுச்சு, போலீஸ் கொஞ்சம் தான், கோர்ட் மேல யாருக்கும் நம்பிக்கை இல்ல, கொள்ளை அடிச்சவன் காசு கொடுத்து வெளிய வந்துடுவான்னு எல்லாரும் பேசிக்கிட்டாங்க. 1851 பிப்ரவரில ஜான்சன்னு ஒரு வியாபாரியைக் கடைக்குள்ளயே அடிச்சுப் போட்டுட்டு பணத்தை எடுத்துட்டுப் போயிட்டாங்க. தாமஸ் பெர்டியூன்னு ஒருத்தரைப் பிடிச்சாங்க. ஏன்னா அவர் பாக்க ஜேம்ஸ் ஸ்டூவர்ட்னு பேர் போன ஒரு குற்றவாளி மாதிரியே இருந்தார். அவர் நான் ஸ்டூவர்ட் இல்ல, பெர்டியூன்னு தலைல அடிச்சுக்கிட்டு சொல்றார், யாரும் நம்பல. ஆயிரக்கணக்குல கூட்டம் கூடி இப்பவே தூக்குல போடுன்னு கத்துது, ஊர்க்காரங்களே ஒரு ஜூரி வச்சு விசாரிச்சாங்க, அந்த ஜூரில சிலருக்கு மனசு ஒப்பல, அதனால அன்னைக்கு அவர் தப்பிச்சார். அப்புறம் சட்டப்படியான கோர்ட் அவருக்கு இந்தக் கேஸ்ல சிறை தண்டனை கொடுத்துச்சு, மேரிஸ்வில்ங்குற இன்னொரு ஊர்ல ஸ்டூவர்ட் செஞ்ச ஒரு கொலைக்காக இவருக்குத் தூக்கே கொடுத்துட்டாங்க. ஜூன்ல ஊர்ப் பெரிய வியாபாரிங்க எல்லாம் சேர்ந்து கண்காணிப்புக் கமிட்டின்னு ஒண்ணு ஆரம்பிச்சாங்க, விஜிலான்டின்னா உலகத்துக்கே ஞாபகம் வர்ற பேர் அது. ஜூலைல அந்தக் கமிட்டி வேற ஏதோ சந்தேகத்துல ஒருத்தனைப் பிடிக்க, அவன் தான் அசல் ஸ்டூவர்ட். அவனே ஒத்துக்கிட்டான், ஜூலை 11 அன்னைக்கு கமிட்டி அவனைத் தூக்குல போட்டுச்சு, பெர்டியூ வெளிய வந்தார்.

இந்தக் கதையை ரெண்டு பக்கத்துக்காரங்களும் தங்களுக்கு சாதகமா சொல்லுவாங்க. பாத்தியா கமிட்டி தான் உண்மையான ஆளைப் பிடிச்சதுன்னு ஒரு பக்கம், அதுவும் நிஜம் தான், மறைக்க வேண்டியதில்ல. கோர்ட்டும் தப்பு பண்ணுச்சேன்னா அதுவும் நிஜம். ஆனா பெர்டியூ உயிரோட இருந்தது எதனாலன்னு யோசிச்சுப் பாருங்க, தீர்ப்புக்கும் தூக்குக்கும் நடுவுல கொஞ்ச நாள் இருந்துச்சு. பிப்ரவரில கூட்டம் கேட்ட மாதிரி நடந்திருந்தா ஜூலைல ஸ்டூவர்ட் கிடைச்சு என்ன பிரயோஜனம். கோவலன் கதைல நடந்தது இதே தான், சிலம்பு அதே மாதிரி இருந்துச்சு, பிடிச்ச உடனே வெட்டிட்டாங்க, அவனை மாட்டி விட்டவன் தான் நிஜத் திருடன்னு தெரிய வந்தப்போ திருப்பிக் கொடுக்க உயிர் இல்ல.

போலீஸ் விசாரணைல நமக்கு எரிச்சல் வர்ற அந்தத் தாமதத்துல ஒரு பகுதி சோம்பேறித்தனம், ஒத்துக்குறேன், இன்னொரு பகுதி "இவன் தானா"ன்னு பாக்குற வேலை. தர்ம அடி அந்த ரெண்டாவது பகுதியை அப்படியே தாண்டிக் குதிச்சுடுது. நேர்ல பாத்தேன்னு ஒருத்தர் சத்தியம் பண்றது எவ்வளவு ஆபத்தான சாட்சின்னு இப்ப நமக்கு நல்லாவே தெரியும். அமெரிக்காவுல டிஎன்ஏ டெஸ்ட் மூலமா நிரபராதின்னு நிரூபணமாகி வெளிய வந்தவங்களோட கேஸ்களை இன்னசென்ஸ் ப்ராஜெக்ட்னு ஒரு அமைப்பு தொகுத்து வச்சிருக்கு, அதுல பத்துக்கு ஆறுக்கும் மேல கேஸ்ல தப்பா அடையாளம் காட்டினது ஒரு காரணம். இதெல்லாம் கோர்ட்ல வக்கீல் குறுக்கு விசாரணை பண்ணின பிறகும் நடந்த தப்பு. இருட்டுல, கோபத்துல, பாதி முகம் தெரியுற போட்டோவை வச்சு நடக்குறது எந்த லட்சணத்துல இருக்கும்? 2013ல பாஸ்டன் மாரத்தான் குண்டுவெடிப்புக்கு அப்புறம் இன்டர்நெட்ல ஆயிரக்கணக்கான பேர் போட்டோக்களை அலசி இவன் தான்னு ஒரு மாணவரைக் காட்டினாங்க. அந்தப் பையன் ஏற்கனவே காணாம போயிருந்தவர், வீட்டுல தவிச்சுப் போய் தேடிக்கிட்டு இருந்தாங்க. குண்டுவெடிப்புக்கும் அவருக்கும் சம்பந்தமே இல்ல, சில நாள்ல அவரோட உடல் ஆத்துல கிடைச்சது. தப்பா காட்டினவங்க வேணும்னே கெடுதல் பண்ணல, உதவி பண்றதா நினைச்சாங்க.

இப்ப போலீஸ் பக்கம் வரலாம், ஏன்னா இது பாதி போலீஸ் கதை. "போலீஸ் ஒண்ணும் பண்றதில்ல"ன்னு நாம சொல்றப்போ அதுக்குள்ள குறைஞ்சது நாலு வேற வேற புகார் இருக்கு, போன் பண்ணினா வரல, வந்தாங்க ஆனா பதிவு பண்ணல, பதிவு பண்ணினாங்க ஆனா துப்பு துலக்கல, துலக்கினாங்களோ இல்லையோ எனக்கு எதுவும் சொல்லல. இதை ஒண்ணாக் கலந்துட்டா எதை சரி பண்ணணும்னே தெரியாது.

வர்ற வேகத்தைப் பத்தி அமெரிக்காவுல கான்சஸ் சிட்டில 1970கள்ல ஒரு பெரிய ஆய்வு நடந்துச்சு. கார் எவ்வளவு வேகமா வருதோ அவ்வளவு திருடன் மாட்டுவான்னு எல்லாரும் நினைச்சுக்கிட்டு இருந்த காலம். ஆனா பெரும்பாலான குற்றங்கள் நடந்து முடிஞ்ச பிறகு தான் கண்டுபிடிக்கப்படுது, காலைல எந்திரிச்சு பாத்தா வண்டி இல்ல, அந்த நேரத்துல போலீஸ் 3 நிமிஷத்துல வந்தாலும் 30 நிமிஷத்துல வந்தாலும் திருடன் கிடைக்குறதுல பெரிய வித்தியாசம் இல்ல. நேருக்கு நேர் நடந்த குற்றத்துல கூட பாதிக்கப்பட்டவங்க போலீஸுக்கு சொல்லாம முதல்ல சொந்தக்காரங்களுக்கு போன் பண்றது, என்ன செய்றதுன்னு யோசிக்குறதுன்னு போன நேரம் தான் பெரிசா இருந்துச்சு. அதை விட சுவாரசியமானது ஜனங்களோட திருப்தி எதைப் பொறுத்திருந்துச்சுங்குறது தான். எத்தனை நிமிஷம்ங்குறதை விட, எவ்வளவு நேரத்துல வருவாங்கன்னு எதிர்பாத்தாங்களோ அதுக்குள்ள வந்தாங்களாங்குறது தான் முக்கியமா இருந்துச்சு. போன் எடுத்தவர் "இப்ப உயிர் ஆபத்து கேஸ் ஒண்ணு ஓடுது, உங்க கிட்ட வர ஒரு மணி நேரம் ஆகும்"னு சொல்லியிருந்தா, ஒரு மணி நேரம் கழிச்சு வந்தாலும் கோபம் கம்மி. "இதோ வரோம்"னு சொல்லிட்டு அரை மணி நேரத்துல வந்தாலும் கோபம் தான். இதுக்குப் புது வண்டி வாங்க வேண்டாம், பட்ஜெட் வேண்டாம், உண்மையைச் சொன்னா போதும். இந்த சின்ன விஷயம் இன்னும் பல ஸ்டேஷன்ல பழக்கமாகலன்றது எனக்கு நிஜமாவே வருத்தமான விஷயம்.

துப்பு துலங்குறது தனிக் கதை. எஃப்பிஐ கணக்குப்படி 2019ல அமெரிக்காவுல கொலைக் கேஸ்ல 61 சதவீதம் துப்பு துலங்கிச்சு, வீடு புகுந்து திருடினதுல 14 சதவீதம், வண்டித் திருட்டுல அதுக்கும் கொஞ்சம் கம்மி. அவ்வளவு வசதி இருக்குற நாட்டுலயே வண்டி போனா ஏழுல ஒண்ணு கூட சரியா துலங்கல. சாட்சி இல்ல, ரேகை இல்ல, அதை விட பெரிய கேஸ் பத்து மேஜை மேல இருக்கு. இது தெரிஞ்சா போலீஸ் மேல கோபம் போயிடும்னு நான் சொல்லல, ஆனா "எல்லாம் கூட்டு, மாமூல் வாங்கிட்டு விட்டுட்டான்"னு உடனே முடிவுக்குப் போறதுக்கு முன்னாடி இந்தக் கணக்கும் மனசுல இருக்கட்டும். அப்படி நிஜமாவே கூட்டா இருக்குற இடமும் உண்டு, அங்க ஜனங்களோட கோபம் நியாயம்.

நாலாவது புகார், எதுவும் சொல்லலங்குறது, எனக்கு இருக்குறதுலயே முக்கியமாத் தோணுறது. டாம் டைலர்ங்குற சமூக உளவியலாளர் சிகாகோவுல ஜனங்க கிட்ட கேட்டு ஆராய்ஞ்சு 1990ல சொன்னது, ஜனங்க சட்டத்தை மதிக்குறதும் மதிக்காததும் தண்டனை பயத்தை விட, தங்களை நியாயமா நடத்தினாங்களா, பேச விட்டாங்களா, ஏன் இந்த முடிவுன்னு விளக்கினாங்களாங்குறதைத் தான் அதிகம் பொறுத்திருக்கு. பொருள் திரும்பக் கிடைக்காதவர் கூட மரியாதையா நடத்தப்பட்டா அடுத்த தடவையும் ஸ்டேஷனுக்குத் தான் போவார். இதுக்கு எதிர்ப்பக்கம் வெஸ்லி ஸ்கோகன்னு இன்னொரு ஆய்வாளர் 2006ல காட்டினார், போலீஸோட ஒரு கெட்ட அனுபவம் மனசுல உண்டாக்குற பாதிப்பு நல்ல அனுபவத்தை விட 4ல இருந்து 14 மடங்கு பெரிசு. அதாவது ஒரு எஸ்ஐ பத்து பேர் கிட்ட தன்மையா பேசி சேர்த்து வச்ச நம்பிக்கையை இன்னொருத்தர் ஒரே ஒருத்தரை நாள் முழுக்க பெஞ்சுல உக்கார வச்சு அழிச்சுடலாம். அப்படி உக்கார வைக்கப்பட்டவர் அடுத்த தடவை கம்ப்ளைண்ட் கொடுக்க மாட்டார், யாரும் கம்ப்ளைண்ட் கொடுக்காத தெரு ரெக்கார்டுல அமைதியான தெருவாத் தெரியும், அமைதியான தெருவுக்கு ரோந்து வராது, ரோந்து வராத தெருவுல நாலு பசங்க கம்பு எடுத்துக்கிட்டு நிப்பாங்க.

இங்கிலாந்துல பிரிஸ்டல் நகரத்துல 2013ல நடந்தது இந்தச் சங்கிலியோட கடைசிக் கண்ணி. இரான்ல இருந்து அகதியா வந்த, உடல் ஊனமுள்ள ஒருத்தர், பல வருஷமா அக்கம்பக்கத்துல இருந்து தொல்லை, திரும்பத் திரும்ப போலீஸுக்கு போன் பண்றார், அவங்க இவரைத் தொல்லை பிடிச்ச ஆளா பாக்க ஆரம்பிச்சுட்டாங்க. தன் பூந்தொட்டியை நாசம் பண்றவங்களை ஆதாரத்துக்காக போட்டோ எடுத்தார், குழந்தைகளைத் தப்பான நோக்கத்துல போட்டோ எடுக்குறார்னு வதந்தி கிளம்பிடுச்சு. போலீஸ் அவரைக் கூட்டிட்டுப் போய் விசாரிச்சு, ஒண்ணும் தப்பா இல்லன்னு வீட்டுல விட்டாங்க. அவரைக் கூட்டிட்டுப் போனதை தெருவே பாத்துச்சு, ஒண்ணும் இல்லன்னு விட்டதை யாரும் தெருவுக்குச் சொல்லல. அதுக்கப்புறமும் போன் பண்ணினார், பயமா இருக்குன்னார், ரெண்டே நாள்ல பக்கத்து வீட்டுக்காரன் அடிச்சே கொன்னு உடலை எரிச்சுட்டான். கடமை தவறினதுக்காக 2016ல ஒரு போலீஸ்காரரும் ஒரு போலீஸ் உதவி அலுவலரும் ஜெயிலுக்குப் போனாங்க. போலீஸ் மெத்தனமும் ஜனங்களோட தர்ம ஆவேசமும் ரெண்டும் எதிரெதிர்னு நாம நினைக்குறோம், இங்க ரெண்டும் சேர்ந்து ஒரே ஆளை நசுக்கிடுச்சு.

அப்ப கண்ணு முன்னாடி ஒருத்தன் திருடினா கூட கை கட்டி நிக்கணுமான்னு கேப்பீங்க. இல்ல. பல நாட்டுல சாதாரண ஆளுக்கும் பிடிக்குற உரிமை இருக்கு, ஆனா ரொம்ப குறுகலான உரிமை. இந்தியாவுல 2024 ஜூலை 1ல இருந்து அமலுக்கு வந்த பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாங்குற குற்றவியல் நடைமுறைச் சட்டத்தோட 40வது பிரிவுப்படி, போலீஸ் வாரண்ட் இல்லாம பிடிக்கக்கூடிய, ஜாமீன் உரிமையாக் கிடைக்காத குற்றத்தை உங்க முன்னிலைலயே ஒருத்தர் செஞ்சா, இல்ல அவர் கோர்ட்டால அறிவிக்கப்பட்ட குற்றவாளியா இருந்தா நீங்க பிடிக்கலாம், தேவையில்லாத தாமதம் இல்லாம, 6 மணி நேரத்துக்குள்ள போலீஸ் கிட்ட ஒப்படைக்கணும். முன்னிலைலயேங்குற வார்த்தை தான் உயிர். குரூப்ல போட்டோ பாத்தேன், மாமா சொன்னார், நேத்து சுத்திக்கிட்டு இருந்தான் இதெல்லாம் முன்னிலை ஆகாது. பிடிக்குறதுக்குத் தேவையானதுக்கு மேல அடிச்சா அது தனிக் கேஸ், அடிச்சது திருடனையே ஆனாலும். அமெரிக்காவுல ஜார்ஜியா மாநிலத்துல 1863லயே வந்த இப்படி ஒரு சட்டம் ரொம்பத் தளர்வா இருந்துச்சு. 2020 பிப்ரவரில ஓட்டப்பயிற்சி பண்ணிக்கிட்டு இருந்த 25 வயசு கறுப்பின இளைஞரை, திருடன்னு சந்தேகப்பட்டோம்னு மூணு வெள்ளைக்காரங்க வண்டில துரத்தினாங்க, அதுல ஒருத்தன் சுட்டுக் கொன்னான். ரெண்டு மாசத்துக்கு மேல யாரையும் கைது பண்ணல, வீடியோ வெளிய வந்த பிறகு தான் கைது. 2021ல அந்த மாநிலம் அந்தப் பழைய சட்டத்தையே நீக்கிடுச்சு, மூணு பேருக்கும் கொலைக் குற்றம் உறுதியாச்சு.

கூட்டத்தோட கூட்டமா நின்னா யார் மேல கேஸ் வரும்ங்குற நினைப்பும் தப்பு. எது குற்றம், என்ன தண்டனைன்னு சொல்ற பாரதிய நியாய சன்ஹிதா சட்டத்தோட 103(2) பிரிவுல, 5 பேரோ அதுக்கு மேலயோ சேர்ந்து இனம், சாதி, மொழி, பிறந்த இடம், நம்பிக்கை மாதிரி காரணத்துக்காக ஒருத்தரைக் கொன்னா ஒவ்வொருத்தருக்கும் மரண தண்டனை இல்ல ஆயுள்னு இருக்கு. இந்தக் காரணங்கள் இல்லாட்டியும் ஒரே நோக்கத்தோட சேர்ந்து செஞ்சா கையைப் பிடிச்சுக்கிட்டவருக்கும் கம்பு வீசினவருக்கும் ஒரே பொறுப்பு தான். இந்தச் சட்டத்துக்குப் பின்னாடி 2018 இருக்கு, குழந்தை கடத்துற கும்பல் வந்திருக்குன்னு வாட்ஸ்அப்ல பரவின பொய்யால பல மாநிலங்கள்ல வழி கேட்டவங்க, மிட்டாய் கொடுத்தவங்க, மொழி தெரியாதவங்க அடிபட்டு செத்தாங்க. அந்த வருஷம் ஜூலைல உச்ச நீதிமன்றம் மாவட்டத்துக்கு ஒரு எஸ்பி அந்தஸ்துல பொறுப்பு அதிகாரி வேணும்னு உத்தரவு போட்டுச்சு, வாட்ஸ்அப்பும் இந்தியாவுல ஒரு மெசேஜை ஒரே நேரத்துல 5 சாட்டுக்கு மேல ஃபார்வர்ட் பண்ண முடியாதபடி மாத்துச்சு. செத்தவங்கள்ல பெரும்பாலானவங்க செஞ்ச ஒரே தப்பு அந்த இடத்துக்குப் புதுசா இருந்தது.

ஜனங்க சேர்ந்து காவல் காத்தா எப்பவும் இப்படித் தான் முடியுமான்னா, இல்லங்குறதுக்கும் உதாரணம் இருக்கு. பெரு நாட்டுல கஹமார்க்கா பகுதி கிராமங்கள்ல 1976ல மாடு திருட்டு தாங்க முடியாம விவசாயிங்க முறை போட்டு ராத்திரி ரோந்து ஆரம்பிச்சாங்க, ரோண்டான்னு பேர். மாட்டினவனை ஊர் சபை முன்னாடி நிறுத்தி விசாரிப்பாங்க, அவனையே கூட ராத்திரி ரோந்து சுத்த வைக்குறது ஒரு தண்டனை. அடி உதை அதுலயும் நடந்திருக்கு, சுத்த வெள்ளைன்னு சொல்ல மாட்டேன், ஆனா 1993 அரசியல் சட்டம் அடிப்படை உரிமையை மீறக் கூடாதுங்குற நிபந்தனையோட அதுக்கு ஒரு இடம் கொடுத்துச்சு. மெக்சிகோவுல மிச்சோவாக்கன் மாநிலத்துல 2013ல போதைக் கும்பலுக்கு எதிரா துப்பாக்கி எடுத்த தற்காப்புப் படைங்க வேற மாதிரி போச்சு, அடுத்த வருஷமே அரசு அவங்களைச் சட்டப்படி சேர்த்துக்கப் பாத்துச்சு, ஆனா சில குழுக்களுக்குள்ள அந்தக் கும்பல் ஆளுங்களே புகுந்துட்டாங்க. வித்தியாசம் எங்கன்னு நான் பாத்த வரைக்கும், ரோண்டாவுல தப்பு பண்ணின ரோந்துக்காரனையும் அதே சபை முன்னாடி நிறுத்திக் கேள்வி கேட்க ஆள் இருந்தாங்க. துப்பாக்கி வச்சிருக்குற குழுவை யார் போய் கேட்குறது?

சரி, அந்த மங்கலான போட்டோவுக்கு வரேன், தொப்பிப் பையன் இன்னும் தெருமுனைல தான் நிக்குறான். அந்த போட்டோ எந்த கேமராவுல, எந்த தேதி, எத்தனை மணிக்கு எடுத்ததுன்னு குரூப்லயே கேளுங்க, பாதி நேரம் பதில் வராது, அந்த மௌனமே நிறைய பேரை நிதானிக்க வைக்கும். ஒரிஜினல் ஃபுட்டேஜ் அழியுறதுக்குள்ள முழுசா காப்பி எடுக்கச் சொல்லுங்க, பல கேமராவுல சில நாள்லயே பழசு மேல புதுசு பதிவாகிடும். மூணு வண்டிக்காரங்களும் தனித்தனியா போகாம ஒண்ணா ஒரே எழுத்துப் புகாரா கொடுத்து, எஃப்ஐஆர் காப்பி கேட்டு வாங்கி, விசாரணை அதிகாரி பேரைக் குறிச்சுக்கிட்டு, பதினைஞ்சு நாளுக்கு ஒரு தடவை என்ன ஆச்சுன்னு எழுதியே கேளுங்க, பதில் வரலேன்னா அந்தத் தேதிகளோட மேலதிகாரி கிட்ட போங்க. ஏற்கனவே கூட்டம் கூடிடுச்சுன்னா முதல்ல போலீஸுக்கு போன் பண்ணி "திருடனைப் பிடிச்சிருக்கோம்"னு சொல்லாம "இங்க ஒருத்தரை அடிக்கப் போறாங்க"ன்னு சொல்லுங்க, உயிர் ஆபத்து கேஸ்னா வண்டி முன்னாடி கிளம்பும். அந்தப் பையனை ஒரு சுவத்துப் பக்கமா நிக்க வச்சுட்டு, கூட்டத்துல உங்களுக்குத் தெரிஞ்ச ரெண்டு பேரைப் பேர் சொல்லிக் கூப்பிட்டு அவன் பக்கத்துல வந்து நிக்கச் சொல்லுங்க. அப்புறம் அவன் பேர் என்ன, எங்க இருந்து வரான், யாரைப் பாக்க வந்தான்னு அவன் கிட்டயே கேளுங்க.